தால் கழகமும் சென்னையின் சதுரங்கப் பள்ளி மரபும்

பலகை ஆட்டத்தை ஆசிரியர் மாணவர் வழியில் காத்துவந்த பள்ளிகளுக்கு ஜப்பானின் 'கோ' ஆட்டம் சிறந்த சான்று. குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள் கொண்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இடம் வளைக்கும் இவ்வாட்டத்துக்காக, தொக்குகவா ஆட்சியில் ஹோன்இன்போ, இனோவே, யசுயி, ஹயஷி என்னும் நான்கு குடும்பங்கள் அரசு மானியம் பெற்றுவந்தன. மகன்தான் வாரிசு என்று வரையறுக்காமல், திறமை மிக்க மாணவரைத் தத்தெடுத்துத் தலைமையை ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததே அவற்றின் வலிமை. 1868-இல் அவ்வாட்சி வீழ்ந்தபின் மானியம் நின்று குடும்பங்கள் தளர, 1924-இல் நிஹோன் கீயின் என்ற பொதுச் சங்கம் அவற்றின் இடத்தை ஏற்றது.

தமிழ்நாட்டில் சதுரங்கத்துக்கு இத்தகைய பள்ளி அமைந்தது 1972-இல்தான். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன், 1961-இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 9 முறை தேசிய சாம்பியன். 1960-இல் லீப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயைத் தோற்கடித்தவர். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தின் ஆதரவில் அவர் தொடங்கிய கழகத்துக்கு, சோவியத் சாம்பியன் மிகைல் தாலின் பெயர் சூட்டப்பட்டது. ஜப்பானியக் குடும்பங்களை ஆட்சியாளர் புரந்ததுபோல இங்கே ஓர் அயல்நாட்டு அரசின் மையம் புரந்தது என்றாலும், பரம்பரை, தத்து என்ற எதுவும் இங்கே தேவைப்படவில்லை.

அங்கே விரும்பி ஆடப்பட்டது 'பிளிட்ஸ்' எனும் மின்னல் ஆட்டம். ஒரே பெட்டியில் பொருந்திய இரண்டு கடிகாரங்களில், காயை நகர்த்தியவர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அவருடைய கடிகாரம் நின்று எதிராளியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒதுக்கிய சில நிமிடங்கள் தீர்ந்து சிறு கொடி விழுந்தால், நிலை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் தோல்விதான். வென்றவர் பலகையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். தாய் சுசீலாவிடம் ஆட்டம் கற்று, சிறுவனாக அந்த வரிசையில் நின்ற விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய வேகத்தைப் பிறவிக் கொடை என்று மட்டும் சொல்வது அந்தக் கூடத்துக்குச் செய்யும் அநீதி.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது சென்னையின் மரபு தளரவில்லை. அதற்குள் அது ஆட்டக்காரர்களிடமே வேரூன்றியிருந்தது. ஆர்.பி. ரமேஷ் 2008-இல் தொடங்கிய செஸ் குருகுலத்தில் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் பயின்றனர். ஆனந்தின் வழிகாட்டலைப் பெற்ற குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். இவர்களுக்கு முன் தால் கழகத்தில் ஆடியவர்களின் ஆட்டக் குறிப்பேடுகள் வீடுகளில் இருக்குமானால், அவற்றை நூலகங்களில் சேர்ப்பது இன்றைய தலைமுறையின் கடமை.