பெட்டியடியில் பார்த்த குணம்

ரங்கூன் மொகல் தெருவில் ஏஜெண்டு போட்ட கையெழுத்துக்குக் காரைக்குடியில் இருந்த முதலாளி பொறுப்பு. நடுவே வங்காள விரிகுடா. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. ஊரில் உட்கார்ந்தபடி ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுப்பதென்றால், அவன் கணக்கு தெரிந்தவனாக இருந்தால் மட்டும் போதாது. குணம் தெரிய வேண்டும்.

அதற்கு நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்கள் கண்ட வழி, ஆளைக் கூடவே வைத்துப் பார்ப்பது. எண்சுவடியும் வட்டிக் கணக்கும் மனப்பாடமான பையன், மீசை முளைக்காத வயதிலேயே கடைக்குப் போய்விடுவான். பெட்டியடிப் பையன் என்று பெயர். கடை கூட்டுவான், கடிதத்துக்கு நகல் எடுப்பான், ரூபாய் எண்ணுவான். தேறினால் அடுத்தாள், பேரேடும் வசூலும் அவன் பாடு. அதற்கும் மேலே மேலாள், அவரே ஏஜெண்டு. ஐந்தொகை உதைத்த இரவில் ஒருவன் தப்பைத் தேடுகிறானா, மறைக்கப் பார்க்கிறானா? தவணை தவறிய குடியானவனிடம் சீறுகிறானா, பேசி வாங்குகிறானா? கிட்டங்கி என்ற பொதுக்கட்டடத்தில் பல கடைக்காரர்கள் ஒரே கூரையின்கீழ் இருந்ததால், ஒருவன் நடத்தை மற்றவர் கண்ணுக்குத் தப்பாது.

ஏஜெண்டு வேலை பொதுவாக மூன்று வருடக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுவார்கள். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். கெடு முடிந்து திரும்பியதும் கணக்கு ஒப்படைப்பு. அடுத்த பயணம் உண்டா என்பதை அதுதான் தீர்மானித்தது.

இதே காலத்தில், 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, படைவீரர்களின் மனத்திடத்தை அறிய உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஒரு கேள்வித்தாள் தயாரிக்கத் தொடங்கினார். இன்று கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடத்தும் ஆளுமைத் தேர்வுகளுக்கு அது முன்னோடி. ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வதை அந்தத் தாள் நம்பியது. செட்டிநாடு நம்பியது அவன் செய்வதை. என் பார்வையில் செட்டிநாட்டு வழியே ஆழமானது.

ஆனால் அதன் கதவு குறுகலானது. பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே ஆள் தேடினார்கள். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. பையன்களின் படிப்பும் இளமையும் அக்கரையில் கரைந்தன. சிங்கம்புணரி ப.சிங்காரம் 1938-இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனபோது அவருக்கு வயது பதினெட்டு. அந்த வட்டிக்கடை உலகம் அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் பதிவாகியிருக்கிறது.

1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். போருக்குப் பின் பர்மா அரசு செட்டியார்கள் கையிலிருந்த நிலங்களை நாட்டுடைமையாக்கியது. கடைகள் மூடின, பெட்டியடியும் போயிற்று. 1947-இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கினார். முந்தைய தலைமுறையில் கப்பலேறியிருக்கக்கூடிய வயதுப் பையன்கள் அங்கே படிக்கச் சேர்ந்தார்கள்.