பெத்தி மால்

வலிப்பு என்றால் விழுந்து துடிப்பதைத்தான் நினைப்போம். அதற்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் 'கிரான் மால்', பெரிய நோய். 'பெத்தி மால்', சின்ன நோய் என்றும் ஒன்று உண்டு. இதில் பிள்ளை விழாது. பேச்சின் நடுவே சில விநாடி வெறித்துப் பார்க்கும். பிறகு ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். கவனமில்லை என்று வாத்தியாரிடம் அடியும் வாங்கும்.

1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1935-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் பெத்தி மாலுக்கே உரிய கோட்டைக் காட்டினார்கள்: ஒரு கூர்முனை, ஓர் அலை, விநாடிக்கு மூன்று தடவை. அடி வாங்கிய பிள்ளைக்கு அந்தக் காகிதமே சாட்சி.

ஆனால் வலிப்பு வராத நேரத்தில் எடுத்த பதிவு சாதாரணமாகவும் இருக்கலாம். அதனால் டாக்டரிடம் போகும்போது, வலிப்பை நேரில் பார்த்தவரும் கூடப் போவது நல்லது.