கெர்னலின் கடைசிக் குரல்: சீரியல் போர்ட் டிரைவரின் கதை

போன செமஸ்டரில் லேபில் ஒரு சின்ன போர்டைக் கணினியோடு இணைத்து விட்டுக் காத்திருந்தேன். திரையில் வந்ததெல்லாம் குப்பை எழுத்துகள். கேபிளை மாற்றினேன், போர்டை மாற்றினேன், கடைசியில் கணினியையே மாற்றினேன். இரண்டு மணி நேரம் போனது. அந்தப் பக்கமாக வந்த சீனியர் அண்ணன் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "வேகம் என்ன வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். போர்டு 115200-இல் பேசிக்கொண்டிருந்தது, நான் 9600-இல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். :)

அன்று இரவு, இந்தப் பழைய சீரியல் போர்ட்டை லினக்ஸ் கெர்னல் எப்படிச் சமாளிக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தது பெரிய கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. சீரியல் என்றால் ஒரே கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. தொடக்கத்தைச் சொல்ல ஒரு பிட், பிறகு எட்டு பிட் செய்தி, முடிவைச் சொல்ல ஒரு பிட், ஆக ஓர் எழுத்துக்குப் பத்து பிட். வேகத்தை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தப்பினால் எனக்கு நேர்ந்த கதிதான். இந்த இணைப்புக்கான ஆர்எஸ்-232 தரம் 1960-இல் வந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு இயந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்து அடித்தது. யூனிக்ஸ் காலத்திலிருந்து இன்றைய லினக்ஸ் வரை 'டிடிஒய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது டெலிடைப்பின் நினைவாகத்தான்.

பிட்டுகளை எழுத்தாகச் சேர்த்துத் தரும் சில்லின் பெயர் யுஆர்ட். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது 8250 என்ற யுஆர்ட். அதன் கடிகாரம் 1.8432 மெகாஹெர்ட்ஸ். அதை 16-ஆல் வகுத்தால் 115200. அதை மறுபடி 12-ஆல் வகுத்தால் 9600, 48-ஆல் வகுத்தால் 2400. இந்த 48-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், முதலில் இயங்குதளம் எழுத உட்காரவில்லை. மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு பேச ஒரு டெர்மினல் நிரலைத்தான் எழுதினார். அதாவது லினக்ஸ் பிறந்ததே சீரியல் போர்ட்டில்தான்! ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பிவிட்டார். அவருடைய மினிக்ஸ் பார்ட்டிஷன் போயே போனது. அதன் பிறகு மினிக்ஸைத் திரும்ப நிறுவாமல், தன் சொந்த இயங்குதளத்திலேயே தொடர்வது என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 0.01 பதிப்பைத் திறந்து பாருங்கள். சீரியல் போர்ட்டைத் தயார்செய்யும் இடத்தில் அந்த 48 இருக்கிறது. போர்ட் இரண்டே இரண்டு, வேகம் 2400.

அவருடைய ஒரு கணினிக்கு அது போதும். ஆனால் லினக்ஸ் ஊரெல்லாம் பரவியதும் தலைவலி ஆரம்பித்தது.

முதல் தலைவலி, எதிரே இருப்பது யார் என்றே தெரியாதது. அன்றைய ஐஎஸ்ஏ கார்டுகள் "நான் இன்னார்" என்று சொல்லாது. கெர்னல்தான் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இதற்காக டெட் ட்சோ முதலானோர் வளர்த்த டிரைவர் ஒரு துப்பறிவாளர் மாதிரி வேலை செய்தது. சில்லில் உள்ள உதிரிப் பதிவகம் ஒன்றில் ஒரு எண்ணை எழுதித் திரும்பப் படிக்கும். எழுதியது திரும்பி வரவில்லையென்றால் பழைய 8250. வந்தால் அடுத்த கேள்வி, 16 பைட் வரிசை இருக்கிறதா? இங்கேதான் வேடிக்கை. 16550 என்ற சில்லில் அந்த வரிசை இருந்தது, ஆனால் பிழையோடு இருந்தது. திருத்தி வந்ததுதான் 16550ஏ. இரண்டையும் இரண்டே பிட்டுகளை வைத்து டிரைவர் பிரித்தறிந்தது. வெறும் 16550 என்று தெரிந்தால், வரிசை இருந்தும் இல்லாததாகவே நடத்தியது. அதை நம்பினால் எழுத்துகள் கெட்டுப்போகுமே!

தட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து இருந்தது. நான்காவது போர்ட்டின் முகவரியையே 8514 வகை வீடியோ கார்டுகளும் பயன்படுத்தின. போர்ட்டைத் தேடப் போய் வீடியோ கார்டைக் குழப்பிவிடலாம்.

இரண்டாவது தலைவலி இன்டரப்ட். பிசியில் முதல் போர்ட்டும் மூன்றாவது போர்ட்டும் ஐஆர்க்யூ 4-ஐயும், இரண்டாவதும் நான்காவதும் ஐஆர்க்யூ 3-ஐயும் பங்கு போட்டன. ஆனால் ஐஎஸ்ஏ பஸ்ஸில் இரண்டு கார்டுகள் ஒரே இன்டரப்டைப் பகிர்வது சரிவராது. முதல் போர்ட்டில் மவுஸ், மூன்றாவதில் மோடம் என்று வைத்தவர்கள், மவுஸை நகர்த்தினால் மோடம் உறைவதைப் பார்த்துத் திகைத்தார்கள். 'செட்சீரியல்' என்ற கருவியால் ஐஆர்க்யூவை மாற்றினேன், அப்படியும் சரியாகவில்லையே என்று குழம்பியவர்கள் நிறைய. அந்தக் கருவி கார்டை மாற்றாது. கார்டு எந்த ஐஆர்க்யூவில் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும், அவ்வளவே. கார்டை மாற்ற, கணினியைத் திறந்து ஜம்பரைத்தான் கையால் நகர்த்த வேண்டும். கெர்னல் நம்புவது ஒன்று, வன்பொருள் செய்வது வேறு. இந்தத் துறையில் பாதிப் பிழைகளுக்கு இதுதான் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, எழுத்துகள் காணாமல் போவது. கணக்கு எளிது. 9600 வேகத்தில் ஓர் எழுத்து ஏறத்தாழ 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும். 115200-இல் 87 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை. 8250-இல் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். அடுத்தது வருவதற்குள் கெர்னல் ஓடி வந்து எடுக்காவிட்டால் முந்தையது அழிந்துவிடும். லாக்கில் 'ஓவர்ரன்' என்று வரும். எல்லாரும் சீரியல் டிரைவரைத்தான் திட்டினார்கள். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்! அன்றைய ஐடிஇ டிரைவர், டிஸ்கிலிருந்து தரவை எடுக்கும்போது மற்ற இன்டரப்டுகளை மூடி வைத்திருந்தது. அந்த நேரத்தில் வந்த எழுத்துகள் அனாதையாகிப் போயின. 'எச்டிபார்ம்' என்ற கருவியில் இன்டரப்டைத் திறந்துவிடும் ஒரு தேர்வைப் போட்டால், மோடம் சரியாகிவிடும். நோய் ஓரிடம், வலி வேறிடம்.

அடுத்த சிக்கல் வெற்றியால் வந்தது. லினக்ஸ் ஏஆர்எம் போன்ற வேறு சில்லுகளுக்கும் போனது. அங்கெல்லாம் வேறு வேறு யுஆர்ட்டுகள். ஒவ்வொருவரும் பழைய டிரைவரை நகலெடுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நகலில் பிழையைத் திருத்தினால் மற்ற நகல்களில் அது அப்படியே இருக்கும். ரஸ்ஸல் கிங் பொதுவான பகுதியைத் தனியே பிரித்து ஒரு நடு அடுக்காக எழுதினார். 2002-இல் 2.5 வரிசையில் அது கெர்னலுக்குள் வந்தது.

அதற்கும் மேலே இருந்த டிடிஒய் அடுக்கு இன்னும் பழையது. கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு என்றிருந்த காலத்து எழுத்து. அதைச் சுத்தம் செய்ய ஆலன் காக்ஸ் இறங்கினார். ஒரு முடிச்சை அவிழ்த்தால் வேறெங்கோ ஒன்று இறுகும் வேலை அது. 2009 ஜூலையில், ஒரு திருத்தத்தால் ஈமாக்ஸ் சரியாக இயங்கவில்லை என்று லினஸோடு வாக்குவாதம் முற்றியது. காக்ஸ் டிடிஒய் பராமரிப்பையே விட்டு விலகினார். பொறுப்பு கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் போனது. யாரும் கவனிக்காத மூலையில் வேலை செய்பவர்கள் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை அந்தப் பழைய மடல்களைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இவ்வளவு கஷ்டப்பட்டு இதை ஏன் வைத்திருக்க வேண்டும்? கெர்னல் சாகும்போது திரை போய்விடும், நெட்வொர்க் போய்விடும், டிஸ்கில் எழுத முடியாது. அப்போதும் சீரியல் வழியாகக் கடைசி வரியை அனுப்பிவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு பதிவகத்தில் ஒரு பைட் எழுதுவது மட்டும்தான். 8250 டிரைவரில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. சாதாரண நேரத்தில் பூட்டு கிடைக்கும் வரை காத்திருக்கும். கெர்னல் விழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், பூட்டை ஒருமுறை கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் பூட்டில்லாமலேயே எழுதிவிடும். எழுத்து கலைந்தாலும் பரவாயில்லை, சேதி வெளியே போய்ச் சேர வேண்டும். இந்த வரிகளைப் படித்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டேன்.

அந்தக் குரலுக்கும் ஒரு விலை உண்டு. 115200 வேகத்தில் 80 எழுத்து வரி ஒன்றை அனுப்ப ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. 9600-இல் 83. அவ்வளவு நேரம் கெர்னல் காத்து நின்றால் நிகழ்நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுமார் இருபது ஆண்டுகள் வெளியே காத்திருந்த நிகழ்நேர லினக்ஸ் ஒட்டுகள் 2024-இல்தான் 6.12 பதிப்பில் முழுமையாகச் சேர்ந்தன. கடைசி வரை வழிமறித்த தடைகளில் ஒன்று, கன்சோலில் வரி அச்சிடும் இந்த வேலைதான்.

அந்தச் சீனியர் அண்ணனின் கேள்விக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. முதலில் வேகம், பிறகு கம்பி, பிறகு முகவரி, பிறகு இன்டரப்ட். எல்லாம் சரியென்றால், சம்பந்தமே இல்லாத பக்கத்து டிரைவர். முப்பது ஆண்டுகளில் பலர் தூக்கம் கெட்டுக் கற்ற வரிசை இது. அடுத்த முறை குப்பை எழுத்து வந்தால், கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நானும் யோசிக்கிறேன்.