ஆணைப் பெண்ணெனக் காட்டிய குறிப்பான்: தடயவியல் டி.என்.ஏ. சோதனையில் எதிர்பாரா மரபணு முடிவுகள்

ஆய்வுச் சுருக்கம்

தடயவியல் டி.என்.ஏ. சோதனையில் பாலினம் அறியப் பயன்படும் அமெலோஜெனின் குறிப்பான் தெற்காசிய ஆண்கள் சிலரைப் பெண்ணெனக் காட்டுவது 1998 முதல் அறியப்பட்டுள்ளது. ஆய்வகங்கள் அம்முடிவை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அடையாளம் தெரியாத உடல்களை இனங்காணும் பணிக்கு அதிலிருந்து பெறத்தக்க நெறிகளையும் முன்வைக்கிறது.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டை, சென்னை–கூடூர் இருப்புப்பாதை, இலங்கைத் தமிழர் முகாம் ஆகியன அங்கு அருகருகே உள்ளன. பீகார், ஒடிசா முதலிய மாநிலத் தொழிலாளரும் அங்குப் பணிபுரிகின்றனர். சொந்த ஊரைவிட்டு வந்தோர் வாழும் இத்தகைய பகுதியில் ஒருவர் இறந்து, எலும்போ பல்லோ மட்டும் எஞ்சுமாயின், உறவினரின் குருதி மாதிரியோடு ஒப்பிடும் டி.என்.ஏ. சோதனையே இறுதிச் சான்றாகிறது. காணாமற்போன ஆண்களின் பட்டியலைப் பார்ப்பதா, பெண்களின் பட்டியலைப் பார்ப்பதா என்பதைப் பாலின முடிவு தீர்மானிக்கக்கூடும். அதில் பிழை நேரின், மகனைத் தேடும் தாயின் மாதிரியோடு அவ்வுடல் ஒப்பிடப்படாமலே போகலாம்.

குறிப்பானின் இயல்பு

பற்சிப்பி உருவாக்கத்தில் பங்குபெறும் அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் ஆகிய இரு குரோமோசோம்களிலும் உள்ளது. எக்ஸ் வடிவில் ஆறு கார இணைகள் குறைவு. 1993இல் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்ட சோதனை இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தியது. 106 கார இணை நீளமுள்ள துண்டு மட்டும் தோன்றின் பெண். 112 நீளத் துண்டும் உடன் தோன்றின் ஆண். எளிமை காரணமாக இக்குறிப்பான் உலகெங்கும் சோதனைத் தொகுப்புகளில் இடம்பெற்றது.

முரண் வெளிப்பட்ட வரலாறு

1998இல் சான்டோஸ், பாண்ட்யா, டைலர்-ஸ்மித் ஆகியோர் இலங்கை ஆண்கள் 24 பேரில் இருவரிடம் ஒய் துண்டு தோன்றாமையைக் கண்டனர். ஒய் குரோமோசோமில் அம்மரபணு அமைந்த பகுதியே அவர்களிடம் நீங்கியிருந்தது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்களான தங்கராஜ், ரெட்டி, லால்ஜி சிங் ஆகியோர் 2002இல் 270 இந்திய ஆண்களுள் ஐவரிடம் (1.85 விழுக்காடு) இந்நீக்கத்தை உறுதிசெய்தனர். 2003இல் மலேசிய ஆண்களிடையே நிகழ்ந்த ஆய்வில் மலாயரைவிட இந்திய வம்சாவளியினரிடம் இச்சோதனை மிகுதியாகத் தவறியமை தெரியவந்தது. 2006இல் 4,257 இந்திய ஆண்களை உள்ளடக்கிய ஆய்வு பத்துப் பேரிடம் மட்டுமே (0.23 விழுக்காடு) நீக்கத்தைக் கண்டது. எனவே 24 பேரின் விகிதத்தை ஒரு மக்களினம் முழுமைக்கும் பொருத்துதல் தகாது. ஆயினும் நிகழ்வு அரிதாயினும் உண்மையானது என்பதை இவ்வாய்வுகள் ஒருங்கே நிறுவுகின்றன.

முரண்முடிவைக் கையாளுதல்

‘எக்ஸ் மட்டும்’ என்னும் முடிவுக்குப் பல விளக்கங்கள் உண்டு. மாதிரி உண்மையிலேயே பெண்ணுடையதாகலாம், மாதிரிகள் மாறியிருக்கலாம், சிதைந்த டி.என்.ஏ.வில் ஒரு துண்டு தோன்றாது போகலாம். ஒய் நீக்கமும் இருக்கலாம். மாதிரி மாறியது என்று உடனே கருதுவது ஊழியர் மீது பழி சுமத்தும். பெண் என்று எழுதிவிடுவது விசாரணையைத் திசைமாற்றும். ஐதராபாத் ஆய்வாளர் ஆண்பாலைத் தீர்மானிக்கும் எஸ்.ஆர்.ஒய். உள்ளிட்ட பிற ஒய் குறிப்பான்களைச் சோதித்து முரணைத் தீர்த்தனர். பின்வந்த சில சோதனைத் தொகுப்புகளில் டி.ஒய்.எஸ்.391 போன்ற கூடுதல் ஒய் குறிப்பான்கள் சேர்க்கப்பட்டன. ஆய்வகம் தன் பிழையென மறைக்காது வெளியிட்ட முரணே சோதனையைத் திருத்தியது.

குடும்பமும் சட்டமும்

ஒய் குரோமோசோம் தந்தைவழி செல்வதால், இறந்தவரிடம் கண்ட நீக்கம் அவருடைய தந்தையைப் பற்றியும் உடன்பிறந்த ஆண்களைப் பற்றியும் செய்தி தருகிறது. உறவினர் மாதிரியை ஒப்பிடுகையில் தந்தை என வந்தவர் உயிரியல் தந்தையல்லர் என்பதும் வெளிப்படக்கூடும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவு திருமண உறவில் பிறந்த குழந்தையின் சட்டபூர்வத் தன்மையைக் காத்தது; அதன் தொடர்ச்சியான பாரதிய சாட்சியச் சட்டம் 116ஆம் பிரிவும் அதைக் காக்கிறது. தந்தைமையறியும் குருதிச் சோதனைக்கு வழக்கமான முறையில் ஆணையிடலாகாது என 1993இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றமே இத்துணை எச்சரிக்கை காட்டும் செய்தியை, உடலைப் பெற வந்த குடும்பத்திடம் ஆய்வகம் போகிற போக்கில் தெரிவித்தல் முறையன்று. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறைக்கென 2019இல் மக்களவையில் அறிமுகமான முன்வரைவு 2023இல் திரும்பப் பெறப்பட்டமையால் ஆய்வகத்தின் பொறுப்பு மேலும் கூடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. பாலினத்தை ஒற்றைக் குறிப்பானால் முடிவுசெய்யலாகாது. அறிக்கையில் கண்டதையும் கருதியதையும் பிரித்தெழுதவேண்டும். கேட்கப்பட்ட வினாவுக்குப் புறம்பான குடும்பச் செய்தி, மாதிரி பெறும்போதே விளக்கி ஒப்புதல் பெற்ற வரம்பைக் கடத்தலாகாது. வெளிநாட்டில் உருவான சோதனை தெற்காசியக் குருதியைச் சந்தித்தபோது எழுந்த முரண், இந்நெறிகளைத் தெற்காசிய ஆய்வகங்களின் உடனடித் தேவையாக்குகிறது. இவை பின்பற்றப்படின், பெயரற்றுக் கிடக்கும் ஓர் உடல் உரிய குடும்பத்தைச் சென்றடையும் வாய்ப்பு மிகும்.