மலேரியா மருந்து இலக்குகள்

மலேரியா ஒட்டுண்ணி உயிர்வாழத் தேவையானதும் மருந்தால் முடக்கக் கூடியதுமான நொதி அல்லது புரதம் மருந்து இலக்கு எனப்படும். பழைய மருந்துகளுக்கு ஒட்டுண்ணி எதிர்ப்புப் பெறுவதால் புதிய இலக்குகளைத் தேடும் பணி ஓய்வதில்லை.

சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஒட்டுண்ணி செரிக்கும்போது வெளிப்படும் ஹீம் அதற்கே நஞ்சு. அதைப் படிகமாக்கி ஒட்டுண்ணி தப்பிக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகமாதலைத் தடுக்கிறது. ஒட்டுண்ணியின் செரிமானப் பையின் சவ்விலுள்ள ஒரு புரதம் திரிபடைந்ததும், ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி மருந்தை வெளியேற்றத் தொடங்கியது. இந்தியாவில் இந்த எதிர்ப்பு 1973இல் அசாமில் முதன்முதலாகப் பதிவானது.

சென்னையில் பிறந்த உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நமிதா சுரோலியாவுடன் 1992இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: ஹீம் நடுவிலேயே வாழும் ஒட்டுண்ணி, தனக்கான ஹீமைத் தானே தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பு புதிய இலக்காக முன்வைக்கப்பட்டது. சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்ட டிரைகுளோசான், ஒட்டுண்ணியின் கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தடுப்பதாக 2001இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் மரபணுக்களை நீக்கிச் செய்த ஆய்வுகளில், இவ்விரு தயாரிப்புப் பாதைகளும் காய்ச்சலை உண்டாக்கும் இரத்த நிலையில் இன்றியமையாதவை அல்ல, அதற்கு முந்தைய கல்லீரல் நிலையில்தான் முக்கியமானவை எனத் தெரிந்தது. காய்ச்சல் கண்டவரைக் குணப்படுத்தும் இலக்காக அவை பயன்படாமல் போனாலும், நோய்த் தடுப்புக்கான வாய்ப்பு எஞ்சியது.

2014இல், மற்றொரு மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கு ஒட்டுண்ணி பெற்ற எதிர்ப்புக்கு கெல்ச்13 மரபணுத் திரிபு காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஒட்டுண்ணியிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் ஏடிபி4 புரதத்தைக் குறிவைக்கும் சிபர்காமின் புதிய மருந்துகளுள் ஒன்று.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஃபால்சிபாரத்தைப் பற்றியது. 1976 முதல் அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. இராயபுரம் போன்ற வடசென்னைத் துறைமுகப் பகுதிகளிலோ பரவலானது வைவாக்ஸ் வகை. கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு அதைப் பரப்புகிறது. கிணற்றில் கொசுப்புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதும் தொட்டிகளை மூடுவதும் அங்கு முதல் தற்காப்பு. வைவாக்ஸுக்கு குளோரோகுயின் இந்தியாவில் இன்றும் முதல் மருந்தாக உள்ளது. ஆனால் கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணி பல மாதங்கள் கழித்தும் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். அதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் தரப்படுகிறது. ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாஃபினோகுயினுக்கு ஒரே வேளை போதும் என்றாலும் ஆபத்து அதேதான். இளம் சிவப்பணுக்களையே நாடும் வைவாக்ஸை ஆய்வகத்தில் நீண்ட நாள் வளர்க்க இயலாததால், உறங்கும் நிலைக்கான இலக்குத் தேடல் பின்தங்கியே உள்ளது.