ஒரே பெயரில் இரண்டு ஆலயங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் ஒரு பழைய துறைமுக நகரம். அங்கே கல்ஹூன் தெருவில் 'பழைய பெத்தேல்' என்ற மர ஆலயம் நிற்கிறது. தெருவின் எதிர்ப்புறம், பெருந்தூண்களோடு இன்னொரு பெத்தேல். இரண்டுமே மெதடிஸ்ட் ஆலயங்கள்தான். பிறகு ஏன் இரண்டு?

மெதடிசத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவர். 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளும், அடிமைகளை விடுவிக்க வேண்டுமென்று தம் உறுப்பினர்களுக்கு விதி போட்டார்கள். சில மாதங்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். அடிமை வைத்திருந்தவர்களின் கோபத்துக்கு முன் விதி நிற்கவில்லை.

1797இல் மர ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். சார்ல்ஸ்டன் மெதடிஸ்டுகளில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனால் சொத்தும் நிர்வாகமும் வெள்ளையர் கையில். கறுப்பின மக்கள் தங்கள் காணிக்கையையாவது தாங்களே நிர்வகித்து வந்தார்கள். 1815இல் அந்த உரிமையும் பறிபோனது. அடுத்து, அவர்களுடைய இடுகாட்டின்மேல் சவ வண்டிக்குக் கொட்டகை போட நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவரைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1818இல் மோரிஸ் பிரவுன் தலைமையில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். ஞாயிற்றுக்கிழமைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. இருந்தும் தனிச் சபை அமைத்தார்கள். 1822இல், அந்தச் சபையைச் சேர்ந்த தச்சர் டென்மார்க் வெசி கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டது அரசு. ஆலயம் இடிக்கப்பட்டது. பிரவுன் பிலடெல்பியாவுக்குத் தப்பினார்.

பெத்தேலிலேயே தங்கிய கறுப்பின மக்களை நாம் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. போக வேறு இடமில்லை. 1852இல் வெள்ளையர் தங்களுக்குப் புதிய செங்கல் ஆலயம் கட்டத் தொடங்கி, மர ஆலயத்தை வளாகத்தின் மேற்குப் பக்கம் நகர்த்தி, 'இது உங்களுக்கு' என்று விட்டார்கள். 1880இல் கட்டடத்தையே கறுப்பினச் சபைக்குக் கொடுத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார்கள்.

இதை 'அன்பளிப்பு' என்று எழுதுகிறார்கள். 80 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கூரையின்கீழ் காணிக்கை போட்டவர்களுக்கு, அவர்களுடைய ஆலயத்தையே அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். தெருவுக்குப் பெயர் தந்த ஜான் கல்ஹூனோ, அடிமைமுறை நன்மையே என்று வாதாடிய அரசியல்வாதி.

வெளியேறியவர்களின் சபை உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் மீண்டும் எழுந்தது. இமானுவேல் ஆலயம் என்ற பெயரில், அதே கல்ஹூன் தெருவில் இன்றும் இருக்கிறது. 2015 ஜூன் 17 அன்று, வேதபாட வகுப்பில் ஒரு வெள்ளை இனவெறியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது அங்கேதான்.