பூக்காத ஆண்டுகளில் குறிஞ்சி

நீலக்குறிஞ்சியைக் காப்பது பற்றிய பேச்சு, அது பூக்கும் ஆண்டில் எழுந்து அடுத்த ஆண்டே அடங்கிவிடுகிறது. 2006இலும் 2018இலும் இதுவே நடந்தது. பூப்பறிப்பதைத் தடுக்கச் சட்டம் உண்டு. 2022இல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இச்செடி இடம்பெற்றிருக்கிறது. அது தேவைதான். ஆனால் குறிஞ்சியை மிகுதியாக அழிப்பது பறிக்கும் கை என்ற எண்ணத்தை ஏற்பதற்கில்லை. பூவே இல்லாத இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அது தன் நிலத்தை இழக்கிறது.

ஒரு சரிவிலுள்ள குறிஞ்சிச் செடிகள் ஏறத்தாழ ஒன்றாக முளைத்து, பன்னிரண்டாம் ஆண்டில் ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து மடிகின்றன. பெரும்பாலான தாவரங்களில் காணும் மூத்தது, இளையது என்ற அடுக்கு இங்கே இல்லை. ஆகவே ஐந்தாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ அச்சரிவை மரநிழல் மூடிவிட்டால், விதை தந்து அதை மீட்க அங்கே வேறு தலைமுறை கிடையாது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குறிஞ்சியை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியதை இந்த வாழ்க்கைமுறையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. குறிஞ்சி வளரும் மேல்மலைப் புல்வெளியைப் பயனற்ற வெற்றுநிலமாகக் கருதும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியது. தோல் பதனிடத் தேவைப்பட்ட பட்டைக்காகச் சீகை மரமும், விறகுக்கும் கூழுக்கும் தைல மரமும் மேல்மலைகளில் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் நடவு தொடர்ந்தது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் 66 விழுக்காடு புல்வெளி மறைந்ததாகக் காட்டியது. சோலைக்காட்டின் இழப்பு 31 விழுக்காடு. இழப்பில் புல்வெளியே முந்தி நிற்க, மீட்பு என்றதும் நாம் சோலை மரக்கன்றுகளைத் தேடுகிறோம். புல்வெளியில் மரம் நடுவதும், எந்த மரமானாலும், குறிஞ்சிக்குக் கேடே.

அந்நிய மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடலாம் என்போர் உண்டு. அவர்கள் நோக்கம் நேர்மையானது. ஆயினும் சீகை விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினாலும் எரித்தாலும் வெயில் பட்டதும் கூட்டமாக முளைத்தெழும். எனவே முதல் முயற்சியும் முதல் பணமும் முதிர்ந்த தோப்புக்குப் போகக் கூடாது. எஞ்சிய புல்வெளியின் விளிம்பில் இப்போதுதான் தலைகாட்டும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்குவதற்கே போக வேண்டும். கேரளத்தின் இரவிகுளம் போன்று பரந்த புல்வெளி நிலைத்திருக்கும் இடங்களிலும் இந்தக் கண்காணிப்பு தளரக் கூடாது. அம்மாநிலத்தின் வட்டவடைப் பகுதியில் 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டும் நில உரிமைச் சிக்கல் நீண்டது; எல்லை தெளியாத காப்பிடத்தில் இவ்வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கே விடை கிடைக்காது.

அடுத்த பெரும்பூப்பு 2030இல். அதற்கான திட்டம் பயணிகளின் வாகன நிறுத்தத்தோடு தொடங்கினால் காலம் கடந்திருக்கும். கன்று பிடுங்கும் வேலையை உள்ளூர் மலைமக்களுக்கு நிரந்தரக் கூலியுடன் இப்போதே ஒப்படைத்து, 2031க்குப் பின் முளைக்கும் தலைமுறைக்கும் அதே நிதியை வனத்துறை உறுதிசெய்ய வேண்டும்.